மதிலுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்: சென்னை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் உள்ள ஐஸ் கம்பெனிகளில் 31 ஆண்டுகள் கம்ப்ரசர் ஆபரேட்டராகவும், பின்னர் மேற்பார்வையாளராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாங்கள் மாவட்ட நிர்வாகத்தின் தலைவர் என்பதோடு, 1996ஆம் ஆண்டின் இரசாயன விபத்து விதிகளின்படி அமைந்த மாவட்ட நெருக்கடிக் குழுவுக்கும் தலைவர். அந்தப் பொறுப்பை மனத்தில் வைத்தே, ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியாவைப் பற்றி இந்த மடலைத் தங்களுக்கு எழுதுகிறேன். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். பொதுவெளியில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதில் சொல்லப்படும் செய்திகளில் பாதி தங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்தவை. அவை தெரியாமல் இருப்பவர்கள் ஆலைகளை ஒட்டிக் குடியிருக்கும் மக்கள்தான்.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரக் கடலுக்கு அடியில் பதித்திருந்த குழாயில், கப்பலின் வருகைக்காகக் குழாயைக் குளிர வைத்துக்கொண்டிருந்த வேளையில், கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம், எர்ணாவூர் எனச் சுற்றுப்புறக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது மூக்கைத் துளைத்த நெடிதான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும், கிடைத்த ஆட்டோவிலும் இரு சக்கர வாகனத்திலும் ஏறியும், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமலே மக்கள் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அந்த மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில், குழாயைக் காக்க அதைச் சுற்றிப் போட்டிருந்த பாறைகளே இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்க வேண்டும் என்றும், வெளியேறிய அம்மோனியா ஏறத்தாழ 67 டன் என்றும் அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டது.

அப்போது வெளியான ஒரு கணக்கு இன்றும் என்னை உறுத்துகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் வந்து அளந்தபோது ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகவும், ஒரு நாள் சராசரியாக அனுமதிக்கப்பட்ட அளவு 400 மைக்ரோகிராம் என்றும் செய்தி வந்தது. ஐந்து மடங்கு என்று படித்தவர்கள் பதறினார்கள். அந்த வாயுவோடு வாழ்ந்தவன் என்ற முறையில் நான் வேறு காரணத்துக்காகப் பதறினேன். 2,090 மைக்ரோகிராம் என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ மூன்று பங்கு. மூன்று பங்கில் யாருக்கும் மூச்சு அடைக்காது, கண் எரிந்து மயங்கி விழ மாட்டார்கள். அப்படியானால் மக்கள் சுவாசித்தது அதைப் போலப் பல மடங்காக இருந்திருக்க வேண்டும். அளவுமானி வந்து சேர்வதற்குள் மேகம் கடந்துபோய்விட்டது. மக்கள் உண்மையில் எவ்வளவு சுவாசித்தார்கள் என்பதை அளந்து வைத்திருக்கும் கருவி எதுவும் அந்தத் தெருக்களில் இல்லை.

எண்ணூரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. பசுமைத் தீர்ப்பாயம், இழப்பீடு, நிபந்தனைகள் எல்லாம் நடந்தன. நான் எழுத வந்தது அதைவிடச் சிறியதும், அதனாலேயே எவர் கண்ணிலும் படாததுமான ஒன்றைப் பற்றி. மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஐஸ் கம்பெனிகளிலும், நகரின் பல இடங்களில் உள்ள குளிர்பதனக் கிடங்குகளிலும், பால் பதப்படுத்தும் நிலையங்களிலும் அதே அம்மோனியா, குறைந்த அளவில், வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைக்கும் குடியிருப்புக்கும் இடையில் ஒரு சாலையாவது உண்டு. ஐஸ் கம்பெனிக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் இருப்பது பல இடங்களில் ஒன்பது அங்குலச் சுவர் மட்டுமே.

இந்த நகரத்துக்கும் பனிக்கட்டிக்கும் உள்ள உறவு பழையது. 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸில், அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமித்து விற்றார்கள். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்ய முடிந்த பிறகு அந்த வணிகம் முடிந்துபோனது. ஐஸ் கம்பெனியின் வேலை எளிமையாகப் புரியக்கூடியதுதான். கம்ப்ரசர் அம்மோனியா வாயுவை அழுத்துகிறது; கண்டென்சரில் அது சூட்டை இழந்து திரவமாகி ரிசீவர் என்ற உருளைத் தொட்டியில் தங்குகிறது; அங்கிருந்து குழாய் வழியே போய், உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் காயில் என்ற சுருள்குழாயில் கொதித்து, சுற்றியுள்ள சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு மறுபடி வாயுவாகிக் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. அந்த உப்புத்தண்ணீரில் தொங்கும் கேன்களில் நல்ல தண்ணீர் உறைந்து கட்டியாகிறது. அம்மோனியா ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லை, புவி வெப்பத்தைக் கூட்டுவதில்லை, விலையும் குறைவு. குளிரூட்டுவதற்கு அதைப் போன்ற பொருள் அரிது என்பதை நான் மனமறிந்து சொல்கிறேன். ஐஸ் இல்லாவிட்டால் படகு இல்லை, படகு இல்லாவிட்டால் எங்கள் பகுதியில் அடுப்பு எரியாது. ஆகவே ஆலைகளை மூடுங்கள் என்று கேட்கும் மடல் அன்று இது.

ஆனால் அந்தப் பொருளின் குணத்தை அறியாமல் அதன் பக்கத்தில் யாரும் வாழக் கூடாது. அம்மோனியா வெறும் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் அது திரவமாக இருக்க வேண்டுமானால் அழுத்தி அடைத்து வைக்க வேண்டும். 30 டிகிரியில் தொட்டிக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பதினோரு மடங்குக்கும் மேல். அக்னி நட்சத்திர நாளில் நிழலில்லாமல் 40 டிகிரிக்குச் சூடேறினால் பதினைந்து மடங்கு. இந்த அழுத்தம் எப்போதும் வெளியேற வழி தேடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கிலோ திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 1,400 லிட்டர் வாயுவாக விரியும். பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்கு அம்மோனியா கலந்திருந்தால் அந்த இடம் உயிருக்கு உடனடி ஆபத்தானது என்று தொழில் சுகாதார வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரே ஒரு கிலோ அம்மோனியா, பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள 150 அறைகளுக்கு மேல் அந்த அளவில் நிரம்பப் போதும். ஐஸ் கம்பெனியின் வயிற்றில் இருப்பதோ நூற்றுக்கணக்கான கிலோ, சில இடங்களில் டன் கணக்கு.

அம்மோனியா காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் அது சரி. ஆனால் அழுத்தத்தில் இருந்த திரவம் பீறிடும்போது வெறும் வாயுவாக வருவதில்லை. நுண்துளிகளோடும், சுற்றியுள்ள ஈரக்காற்றைக் குளிர வைத்த வெண்புகையோடும் சேர்ந்து, கனத்த மேகமாகத் தரையோடு தவழ்ந்து வருகிறது. சூடேறிய பிறகுதான் மேலெழும். அதற்குள் அது தெருவின் முழங்கால் உயரத்தில், குழந்தைகளின் முக உயரத்தில், பாயில் படுத்திருப்பவர்களின் மூக்கு உயரத்தில் போய்விடும். மேலும் அம்மோனியாவுக்குத் தண்ணீர் மீது தீராத வேட்கை உண்டு. கண்ணின் ஈரம், தொண்டையின் ஈரம், நுரையீரலின் ஈரம் என எங்கே நீர் இருந்தாலும் அங்கே கரைந்து கடுங்காரமாகி அரிக்கும்.

இனி என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. 1990களின் நடுவில் ஒரு மார்கழி இரவு. கம்ப்ரசரில் ஊற்றும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியாவோடு கலந்து போய், தொட்டிகளின் அடியில் தேங்கும். அதை வாரந்தோறும் அடிவால்வைத் திறந்து வாளியில் பிடித்து எடுக்க வேண்டும். ‘ஆயில் எடுப்பது’ என்போம். குளிரில் உறைந்த எண்ணெய் பிசுபிசுவென்று மெதுவாக வரும். வரவில்லையே என்று வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறப்போம். எண்ணெய் தீர்ந்த கணத்தில் அதன் பின்னால் நின்ற அம்மோனியா பீறிடும். எங்கள் தொழிலில் நடந்த விபத்துகளில் எத்தனையோ இந்த ஒரு சுற்றில் நடந்தவை. அன்று அந்த ஒரு சுற்றைத் திறந்தவன் நான். ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு ரிசீவரின் வெளிவால்வை மூடி முடிப்பதற்குள் நான்கு நிமிடம் ஆகியிருக்கும். வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஆறு பேரையும் “வடக்கே ஓடுங்கள்” என்று கத்தி வெளியேற்றினேன். காற்று வரும் திசை நோக்கி ஓடினால் மேகம் பின்னால் தங்கிவிடும் என்பது எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மதிலுக்குத் தெற்கே வரிசையாகக் குடிசைகள் இருந்தன. நெடி தாங்காமல் வெளியே வந்த ஒரு தாய், கைக்குழந்தையோடு, நெடியிலிருந்து தப்புவதாக நினைத்துத் தெற்கே ஓடினார். மேகமும் அவரோடு தெற்கே போனது. அவர் ஓட ஓட அது கூடவே போனது. மேற்கே இரண்டு வீடு தள்ளிச் சந்துக்குள் திரும்பியிருந்தால் போதும். அதைச் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் மீன் விற்கும் அம்மா ஒருவர் குழந்தையை வாங்கித் தெருக்குழாயின் அடியில் பிடித்துக் கண்களை விடாமல் கழுவினார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் உலகில் எந்த மருத்துவரும் முதலில் செய்யச் சொல்வது அதைத்தான். குழந்தை பிழைத்தது, கண்ணும் பிழைத்தது. நான் ஆறு பேருக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்; மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து ஒரு வார்த்தை கத்தவில்லை. கத்த வேண்டும் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை என்பது உண்மை. எனக்கே தோன்றவில்லை என்பதும் உண்மை. இந்த மடலை நான் எழுதுவது அந்த இரவுக்காகத்தான்.

அளவு சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். கனடாவின் ஃபெர்னி என்ற சிறுநகரில் 2017 அக்டோபரில், பனிச்சறுக்கு மைதானத்துக்குக் குளிரூட்டும் இயந்திர அறையில் மூன்று பேர் இறந்தார்கள். அங்கேயும் நம் ஐஸ் கம்பெனியைப் போலவே அம்மோனியாவும் உப்புத்தண்ணீரும்தான். காலம் கடந்த பழைய குளிர்கலனின் ஒரு குழாயில் விழுந்த சிறு துளை வழியே அம்மோனியா உப்புத்தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. கசிகிறது என்று தெரிந்தும், கலனை மாற்ற வேண்டும் என்று முன்பே பேசப்பட்டிருந்தும், அது மீண்டும் ஓட்டப்பட்டது. நம் பக்கத்திலேயே, 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

கொண்டுசெல்லும் வழியும் அதே அளவு கவலைக்குரியது. 1992 மார்ச்சில் செனகல் நாட்டின் டக்கார் நகரில், வேர்க்கடலை எண்ணெய் ஆலையில் நின்ற அம்மோனியா லாரித் தொட்டி வெடித்து 129 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். தொட்டி அளவுக்கு மீறி நிரப்பப்பட்டிருந்தது. திரவ அம்மோனியா சூடேறினால் விரியும். விரிவதற்கு மேலே வெற்றிடம் விட்டு நிரப்பவேண்டும். இடம் இல்லையென்றால் இரும்புதான் வழிவிட வேண்டும். சிலிண்டருக்கும் இதே விதி. இரண்டு வால்வுகளையும் மூடி நடுவில் திரவத்தைச் சிறைவைத்த குழாய்த்துண்டுக்கும் இதே விதி. 2015 ஜூனில் பஞ்சாபின் லூதியானா அருகே தோராகாவில், ஒரு மேம்பாலத்தின் அடியில் சிக்கிய அம்மோனியா டேங்கர் லாரியிலிருந்து கசிந்த வாயுவில் வழிப்போக்கர்களும் குடியிருப்பவர்களும் இறந்தார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக நிற்கும் கண்டெய்னர் லாரி வரிசையைப் பார்க்கும்போதெல்லாம், அதன் நடுவில் ஒரு டேங்கர் சிக்கினால் தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும் என்ற கேள்வி எழுகிறது. எங்கள் தெருக்களில் இன்றும் அம்மோனியா சிலிண்டர்களை டெம்போவிலிருந்து பழைய டயர் மீது தள்ளி இறக்கி, தரையில் உருட்டிச் செல்கிறார்கள். வால்வைக் காக்கும் மூடி பல சிலிண்டர்களில் இருப்பதில்லை. அந்த வால்வு ஒடிந்தால் என்ன ஆகும் என்பதை இறக்கும் கூலித் தொழிலாளிக்கு யாரும் சொன்னதில்லை.

சட்டம் இதை முன்னமே யோசித்திருக்கிறது. போபாலில் 1984இல் விஷவாயு கசிந்தபோதும், டெல்லியில் 1985இல் ஓலியம் என்ற கடும் அமிலம் கசிந்தபோதும் நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொழிலாளர்களுக்கு மட்டுமன்றி, ஆலையைச் சுற்றி வாழும் பொதுமக்களுக்கும் தெரியப்படுத்துவது ஆலை நடத்துவோரின் கடமை என்று அந்தப் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் இந்தக் கடமை தொடர்கிறது. ஆனால் ஆலைக்கு வெளியிலான அவசரத் திட்டமும், ஆண்டுதோறும் நடக்க வேண்டிய ஒத்திகையும் பல பத்து டன் இருப்பு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. இரண்டு டன்னோ மூன்று டன்னோ வைத்திருப்பவர் அந்த வரம்புக்குக் கீழே வந்துவிடுகிறார். டன் குறைவாக இருக்கலாம். வீடு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதை அந்த வரம்பு கேட்பதில்லை. நான் அறிந்தவரை காசிமேட்டில் எந்த வீட்டுக் கதவையும் தட்டி, “உங்கள் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இவ்வளவு அம்மோனியா இருக்கிறது, கசிந்தால் இப்படிச் செய்யுங்கள்” என்று எவரும் சொன்னதில்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பதில் முதன்மையானது ஒன்றுதான். சென்னை மாவட்டத்தில், அளவு எவ்வளவாக இருந்தாலும், அம்மோனியா வைத்திருக்கும் ஒவ்வோர் இடத்தையும் கணக்கெடுத்து, அந்தந்த வார்டு மக்களுக்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆலை வாயிலில், தெருவிலிருந்து படிக்கக்கூடிய பலகையில், உள்ளே இருப்பது என்ன, எத்தனை கிலோ, இரவு இரண்டு மணிக்கும் எடுக்கக்கூடிய தொலைபேசி எண் எது என்பவை தமிழில் இருக்க வேண்டும். ஐஸ் கம்பெனிகளிலும் மீன் பதப்படுத்தும் இடங்களிலும் இப்போது வேலை செய்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். ஆலைக்குள்ளேயே தங்கி, இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் உறங்குபவர்கள். அவர்கள் மொழியிலும் அது இருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. ஒவ்வோர் ஆலையின் கூரையிலும், தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழல் ஒன்று கட்டாயமாக்கப்பட வேண்டும். அதன் விலை ஒரு நாள் ஐஸ் விற்பனையில் மிகச் சிறு பகுதி. மீனவக் குப்பங்களைப் போலக் காற்றை அறிந்தவர்கள் இந்த நகரில் வேறு எங்கும் இல்லை. வாடை எது, கொண்டல் எது, கோடை எது, பகலில் கடற்காற்று எந்த நாழிகையில் ஏறும், இரவில் எப்போது கரைக்காற்றாகத் திரும்பும் என்பதைத் தோலாலேயே உணர்பவர்கள் அவர்கள். “நெடி வந்தால் காற்றுக்குக் குறுக்கே விலகு, காற்றோடு ஓடாதே” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் கதவு சன்னல்களை அடைத்து, ஏ.சி.யையும் எக்ஸாஸ்ட் விசிறியையும் நிறுத்திவிட்டு, இடுக்குகளில் ஈரத்துணி வைத்து உள்ளேயே இருப்பது பல நேரம் ஓடுவதைவிட நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி உள்ள வீட்டுக்கு அந்த அறிவுரை உதவாது. அவர்கள் விலகத்தான் வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெருத்தெருவாக வீடுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்த திட்டத்தில் அது வராது.

சங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் என்ற இரசாயனத்தின் ஆவி கசிந்தபோது ஆலையில் அபாயச் சங்கு இருந்தும் அது ஒலிக்கவில்லை. ஊர் உறக்கத்திலேயே மூச்சுத் திணறியது. சங்கு இருந்தால் போதாது. அதன் ஒலிக்கு ஒரே பொருள் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை குறித்த நாளில் ஒலிக்க வைத்து மக்களுக்குப் பழக்க வேண்டும், மேலாளரின் அனுமதிக்குக் காத்திராமல் பணியில் உள்ள கடைநிலைத் தொழிலாளியே அதை அழுத்தலாம் என்ற உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். முதலாளிக்குத் தகவல் சொல்லிவிட்டு அழுத்தலாம் என்று காத்திருந்த நிமிடங்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆலைக்குள் செய்ய வேண்டியவை தங்கள் ஆய்வாளர்களுக்குத் தெரியும் என்பதால் நீட்டவில்லை. ஆயில் எடுக்கும் குழாயில், கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ளும் வால்வு இருக்க வேண்டும். அந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது. சேஃப்டி வால்வு கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, அது திறந்தால் வாயு தெருப்பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகில் காற்று உருளையோடு அணியும் சுவாசக் கருவிகள் குறைந்தது இரண்டு, இயந்திர அறைக்கு வெளியே, பூட்டாத பெட்டியில் இருக்க வேண்டும். வடிகட்டி முகமூடி அடர்ந்த மேகத்தில் காப்பாற்றாது. இன்னொன்றையும் தீயணைப்பு வீரர்கள் முதல் தெரு இளைஞர்கள் வரை அறிந்திருப்பது நல்லது. காற்றில் மிதக்கும் அம்மோனியாவைத் தண்ணீர்த் திரை போட்டுக் கரைத்து இறக்கலாம். ஆனால் தரையில் தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அது கொதித்து மேகத்தைப் பெருக்கிவிடும்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு சொல். கசிவு நடந்தால் எங்கள் மக்கள் ஸ்டான்லிக்கோ திருவொற்றியூர் அரசு மருத்துவமனைக்கோதான் ஓடுவார்கள். பத்து நிமிடம் கண் கழுவி, இருமல் நின்றதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். உள்ளூர் ஆலைகளில் என்ன இரசாயனம் இருக்கிறது என்ற பட்டியல் அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் இருந்தால், மருத்துவர் நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிராது.

இதையெல்லாம் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்று சில அதிகாரிகள் என்னிடம் நேரில் சொல்லியிருக்கிறார்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எங்கள் பகுதியில் யாரும் பீதியடைவதில்லை. படகை இழுத்துக் கட்டுகிறார்கள். எண் தெரியும், அதன் பொருள் தெரியும், செய்ய வேண்டியது தெரியும். எண்ணூரில் அந்த இரவு மக்களை நடுங்க வைத்தது, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இருட்டில் நின்றதுதான்.

காலத்தைப் பற்றி ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஐஸுக்குத் தேவை குறைந்து பல கம்பெனிகளில் இயந்திரம் ஓய்ந்திருக்கும். ஆனால் ரிசீவருக்குள் அம்மோனியா அப்படியே, ஆண்டின் மிகக் கடுமையான வெயிலில், இருந்துகொண்டிருக்கும். இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கவும், காயிலின் தடிமனை அளக்கவும், உப்புத்தண்ணீரில் அம்மோனியா கலந்திருக்கிறதா என்று சோதிக்கவும், வால்வுகளை மாற்றவும் அதைவிட வாய்ப்பான காலம் இல்லை. உரிமையாளருக்கும் வருமான இழப்பு இல்லை. ஜூன் இரண்டாவது வாரத்தில் நீண்ட ஓய்வுக்குப் பின் எல்லா ஆலைகளும் ஒரே நேரத்தில் மீண்டும் ஓடத் தொடங்கும்போது, கசிவைத் தடுக்கும் கிளாண்டு அடைப்புகள் காய்ந்துபோனவையும் துருப்பிடித்த இணைப்புகளும் கசிவதை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். வரும் தடைக்காலத்துக்குள் கணக்கெடுப்பையும் ஆய்வையும் முடித்து, படகுகளில் ஐஸ் ஏற்றத் தொடங்கும் முன் ஒவ்வொரு கூரையிலும் அந்தத் துணிக்குழல் பறக்கும்படி ஆணையிடுங்கள். தெருக்களில் வீடு வீடாகச் சென்று சொல்ல ஆட்கள் தேவைப்பட்டால், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பழைய ஆபரேட்டர்கள் சிலர் இன்னும் இந்தப் பகுதியிலேயே இருக்கிறோம். கூலி எதுவும் வேண்டாம். எந்த நாளில் எந்தத் தெருவில் தொடங்குவது என்று மட்டும் தெரிவித்தால் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐஸ் கம்பெனி ஆபரேட்டர்,
ராயபுரம், சென்னை